அண்ணன் பம்ப், தம்பி பம்ப்

என் விசிட்டிங் கார்டில் 'நம்பகப் பொறியாளர்' என்று போட்டிருக்கும். அதைப் பார்க்கிறவர்கள் நான் எல்லோரையும் நம்புகிற நல்ல பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதை நேர்மாறு. சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவதுதான் என் வேலை. ஓர் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், என்ன வேலைக்கு, எந்த நிலைமையில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பேன். பதில் இருந்தால் அது நம்பகம். இல்லாவிட்டால் வெறும் நம்பிக்கை. இரண்டு சொல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான், ஆனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். என் கணவர் கதவைப் பூட்டினால் பூட்டியாச்சா என்று கேட்பேன், ஆச்சு என்பார், அப்புறமும் போய் இழுத்துப் பார்ப்பேன். "என்னையும் இப்படி இழுத்துப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டியா" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது ஒரு டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். அந்த இயந்திரங்களுக்குச் சுத்திகரித்த தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைத் தள்ள இரண்டு பம்ப்கள் வைத்திருந்தார்கள். ஒன்று நின்றால் மற்றது தானாகக் கிளம்பிவிடும். முந்தின நாள் காலையில் ஒன்று நின்றது. சொன்னபடி மற்றது கிளம்பியது. மதியச் சாப்பாட்டுக்குள் அதுவும் நின்றது. படுத்திருந்தவர்களைப் பாதியில் கழற்றி, வண்டி பிடித்து, வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை. வாடகைக்கு ஒரு பம்பைக் கொண்டுவந்து இப்போது ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

மையத்தின் மேலாளர் என்னை வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். அறைக்குள் போனதும் காபியும் பிஸ்கட்டும் வந்தன, மின்விசிறி என் பக்கமாகத் திருப்பிவிடப்பட்டது. இவ்வளவு உபசாரம் நடந்தால் எனக்கு உடனே மூக்கில் வியர்க்கும்.

"இது தானா நடந்தது இல்ல மேடம்," என்றார். "ஒண்ணு போகலாம். ரெண்டும் ஒரே நாள்ல எப்படிப் போகும்? யாரோ கை வெச்சிருக்காங்க."

"யாரோன்னா?"

கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பம்ப் ரூம் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. போன வாரம் அவர் லீவு கேட்டாரு. அடுத்த மாசம் தம்பி பொண்ணுக்குக் கல்யாணமாம். ரூமைப் பாத்துக்க வேற ஆள் இல்ல, அதனால கொடுக்க முடியலை. வராந்தாவுல நின்னு எல்லாரும் கேக்க என்ன சொன்னாரு தெரியுமா? 'நான் இல்லாட்டி இந்த இடம் என்ன ஆகுதுன்னு ஒரு நாள் தெரியும்.' அடுத்த வாரமே தெரிஞ்சிடுச்சு."

"இயந்திரத்தைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்றதில்லை சார்."

"பாருங்க, பாருங்க. நீங்க 'வேணும்னே செஞ்சது'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். இன்னைக்கே அவரை அனுப்பிடலாம். முதலாளியும் எழுத்துல ஒரு காரணம் கேக்கறாரு."

அந்த ஒரு வரி தனக்கு எவ்வளவு வசதி என்பதை அவர் மறைக்கவே இல்லை. வேண்டுமென்றே செய்தது என்றால் மேலாளர் மீது தூசி படாது. அதனால் அவரையும் என் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன். மட்டமான உதிரிபாகம் வாங்கிப் போட்டுவிட்டு ஊழியர் தலையில் கட்டுகிற மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாவிக்காரரை அங்கே எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போன தலைமை நர்ஸ் காரணம் சொன்னார். "ஒரு கேக்கை ரெண்டா வெட்டச் சொன்னா ஸ்கேல் கேப்பாரு. அவர் பங்கு வைக்கறதுக்குள்ள டீ ஆறிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இதை அவர் செஞ்சிருப்பார்னு எனக்குத் தோணலை," என்றார். தோன்றுவது தோன்றாதது எல்லாம் எனக்குக் கணக்கில் வராது என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பம்ப் அறை அடித்தளத்தில் இருந்தது. இப்படியொரு சுத்தமான பம்ப் அறையை நான் பார்த்ததில்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சுவரோரமாக இரண்டு பம்ப்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் மேல் நீலப் பெயின்ட்டில் 'அண்ணன்' என்றும் மற்றதில் 'தம்பி' என்றும் எழுதியிருந்தது. எழுத்துகள் ஒரே உயரம். தராசு எழுந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, இரண்டு சட்டைக் கைகளும் ஒரே அளவு மடிப்பு. எழும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா அண்ணே," என்றேன். வெளியே இருந்தவரின் நிழல் கதவுக் கண்ணாடியில் அசையாமல் தெரிந்தது. ஒட்டுக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். பம்பைத் திறக்கிறதில் கேட்க என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது.

இரண்டையும் திறந்தேன். சுழலும் தண்டைத் தாங்குகிற வளையத்துக்குப் பேரிங் என்று பெயர், அதற்குள் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் உருளும். அண்ணனின் பேரிங்கில் குண்டுகள் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து, அவற்றைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து இறுகியிருந்தது. தம்பியைத் திறந்தால் அதே குழி, அதே உடைசல். நான் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது எது எதனுடையது என்று எனக்கே தெரியவில்லை.

இயந்திரங்கள் இப்படிச் சாவதில்லை. பத்து மின்விசிறி வாங்கினால் பத்தும் பத்து விதமாகத்தான் கெட்டுப்போகும். இரண்டு சாவு ஒரே மாதிரி இருந்தால் பின்னால் ஒரே கை இருக்கிறது என்று அர்த்தம். யாராவது கிரீசில் மணலைக் கலந்திருக்கலாம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், வெண்ணெய்போல வழுக்கியது. நட்டுகளில் ஸ்பானர் வழுக்கிய கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. பேரிங் போலியோ என்று முத்திரையைப் பார்த்தேன், அசல் சரக்கு. அதனால் மேலாளர் தப்பித்தார். தடயமே இல்லாததால் தராசு மாட்டிக்கொண்டார். இவ்வளவு சுத்தமாக வேலை செய்ய, சுத்தமான ஆளால்தானே முடியும்.

கடைசியாக ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு பம்பிலும் ஒன்று இருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. அதையும் மனதில் முடிந்துவைத்துக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டேன்.

அவர் பிளாஸ்கிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் டீ ஊற்றினார். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து மற்றதில் ஒரு சொட்டு மாற்றி ஊற்றிய பிறகுதான் என் பக்கம் தள்ளினார். வாயைக் கிண்டுவதற்கு டீயைவிட நல்ல சாக்கு கிடையாது.

"பம்ப் ரெண்டையும் எப்படி ஓட்டுவீங்க?"

"வாரம் மாத்தி வாரம் மேடம். திங்கக்கிழமை காலைல வந்ததும் மாத்திடுவேன். ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் தம்பி."

"அப்படி ஓட்டச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. நான் வந்தப்ப அண்ணனைப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. தம்பி சும்மா உக்காந்திருந்துச்சு. எனக்கு அது சரியாப் படலை."

"இந்தப் பேரிங்கெல்லாம் எப்ப போட்டது?"

"போன வருஷம், ரெண்டுக்கும் ஒரே நாள்தான். அண்ணன்கிட்ட ஒரு முனகல் சத்தம் வந்துச்சு. பேரிங் போச்சுன்னு தெரிஞ்சது. பெட்டியில ரெண்டு செட் இருந்துச்சு, ரெண்டு பேருக்கும் போட்டு, மீட்டர் ரெண்டையும் சைபருக்குக் கொண்டுவந்துட்டேன்."

"தம்பியோடதும் போயிருந்துச்சா?"

"இல்லை மேடம். தம்பியோடது நல்லாத்தான் இருந்துச்சு."

நான் டீயைக் கீழே வைத்தேன். நல்ல பேரிங்கை யாராவது கழற்றிப் போடுவார்களா? ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி எனக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அது நல்ல சுறுசுறுப்பு இல்லை என்று தெரியும், ஆனாலும் வந்தது.

"நல்லா இருந்ததை ஏன் அண்ணே கழட்டினீங்க?"

"அண்ணனுக்குப் புதுசு போடறப்ப தம்பிக்கும் போட்டேன்."

"அது பதில் இல்லை. நல்ல சாமானைத் தூக்கிப் போட்டிருக்கீங்க. இந்த ரூமுக்கு வேற யாரும் வர்றதில்லை. லீவு தரலைன்னு சத்தம் போட்டிருக்கீங்க. ரெண்டு பம்பும் ஒரே நாள்ல நின்னிருக்கு. மேல என்ன நினைக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார். அவர் கை குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. "காலைலேர்ந்து யாரும் என் முகத்தைப் பாக்கலை. அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன். இங்க படுத்திருக்கறவங்க ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியும் மேடம். அவங்க தண்ணியில நான் கை வெப்பேனா?"

"அப்ப ஏன் கழட்டினீங்க, அதைச் சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குரல் ஏறவில்லை, மடித்த சட்டைக் கையை இறக்கி மறுபடி மடித்தார்.

"நான் மூத்தவன் மேடம். எனக்கு ஒரு தம்பி. ரெண்டு பேருக்குமே படிப்பு வந்துச்சு. ஒரு நாள் எங்க அப்பா என்னை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போய் விட்டாரு. 'பெரியவன் ஓடட்டும், சின்னவன் இருக்கட்டும். ரெண்டு பேரையும் ஓட்டி ரெண்டு பேரும் விழுந்தா வீட்டுக்கு யார் இருக்கா'ன்னாரு. அன்னைக்கு ஓட ஆரம்பிச்சவன்தான். அவன் படிச்சான், பெரிய ஆளாயிட்டான். என் மேல பாசமாத்தான் இருக்கான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா என் முழங்காலைப் பாருங்க, மாடிப்படி ஏற முடியலை. அவன் இன்னைக்கும் ஷட்டில் ஆடறான்." குவளையைக் கீழே வைத்தார். "வேலைக்குச் சேந்து இந்த ரூமுக்கு வந்த அன்னைக்கு, ஒண்ணு ஓடுது, ஒண்ணு பெயின்ட் கூடப் போகாம உக்காந்திருக்கு. நம்ம கையில அதிகாரம் இருக்கற இடத்துலயாவது அப்படி நடக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். ஓடற நேரமும் கிரீசும் ரெண்டுக்கும் ஒரே அளவு. அண்ணனுக்குப் புதுசு போட்டுத் தம்பிக்குப் பழசை விட்டா அது என்ன நியாயம்? இதுக்குப் பேரு தப்புன்னா எழுதிக்கிட்டுப் போங்க."

எழுதவில்லை. மேசைமேல் இருந்த இரண்டு பேரிங்குகளையும் பார்த்தேன். பின்னால் ஒரே கை இருக்கிறது என்று நினைத்தது சரிதான். அந்தக் கை எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரே நாளில் மாட்டி, ஒரே கிரீசைப் பூசி, ஒரே அளவு ஓட்டி, ஒரு வாரம்கூடத் தவறாமல் இரண்டையும் ஒரே தூரம் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தூரம் முடிகிற இடமும் இரண்டுக்கும் ஒன்றாகத்தானே இருக்கும். ஒரே நாளில் நின்றது கொஞ்சம் துரதிர்ஷ்டம். ஒரே மாதத்தில் நின்றிருக்கும் என்பது நிச்சயம். அண்ணன் நின்றதும் தம்பி எழுந்தது, அதுவும் கடைசி மூச்சில் இருந்தது.

ஆனாலும் நான் நான்தான். முழங்கால் கதையில் உருகிவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. பேரிங் வளையத்தில் குத்தியிருந்த உற்பத்தி எண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே தொகுதி. மீட்டர்களை மறுபடி போய்ப் பார்த்தேன். சதி செய்கிறவன் பல மாதத்துக்கு முன்னாலிருந்து திங்கள்தோறும் இவ்வளவு பொறுமையாக நியாயம் செய்துகொண்டிருக்க மாட்டான். கல்யாண லீவு மறுத்தது போன வாரம்தான். இந்தக் குழி விழ ஒரு வாரம் போதவே போதாது. அப்புறம்தான் என் மனம் அடங்கியது. அவரை அந்த மாதிரி மடக்கிக் கேட்டதற்கு வெட்கமாக இருந்தது.

மேலாளர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?"

"இன்னைக்குத்தான் பாத்தேன்."

"இல்லை, அவர் பக்கமா பேசறீங்களேன்னு கேட்டேன்."

சந்தேகம் நம் பக்கம் திரும்பும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாக இல்லை.

"சார், ரெண்டு பம்ப் எதுக்கு வாங்கினீங்க?"

"ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும்னு."

"ரெண்டும் ஒரே நாள்ல தேயற மாதிரி ஓட்டினா ஒண்ணு போறப்ப இன்னொண்ணும் போகும். உங்ககிட்ட இருந்தது ரெண்டு பம்ப் இல்ல. ஒரே பம்பை ரெண்டு தடவை வாங்கியிருக்கீங்க. எப்படி ஓட்டணும்னு இங்க யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. அவருக்குத் தெரிஞ்ச நியாயத்தை அவர் செஞ்சிருக்காரு."

"நியாயமா நடந்துக்கிட்டதா தப்பு?"

"மெஷினுக்கு ஆமா. வேணும்னே செஞ்சதுன்னு நான் எழுத மாட்டேன். எழுதினா அது பொய்."

அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். இனி எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்டார். ஒன்றுதான் பெரும்பாலும் ஓட வேண்டும், மற்றது உட்கார்ந்திருக்க வேண்டும், அதை அவ்வப்போது கொஞ்சம் ஓட்டி உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் வேறு வேறு கம்பெனிப் பேரிங் போட வேண்டும் என்றேன். வாரா வாரம் மாற்றுகிற வேலை இல்லாததால் நான்கு நாள் வேறு ஆளைக்கூட உட்கார வைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கல்யாணத்தை நான் மறக்கவில்லை.

"சரி," என்றார் கடைசியாக. "ஆனா அவர் பிடிவாதக்காரர். இப்படி ஓட்ட அவர் ஒத்துக்கணும். மறுபடி பழையபடி மாத்தி மாத்தி ஓட்டினார்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். அப்ப நீங்க வந்து கதை சொல்லக் கூடாது. லீவெல்லாம் அதுக்கப்புறம்."

புதுப் பேரிங் வந்து மாட்டி முடித்த நாளில் மறுபடி அடித்தளத்துக்குப் போனேன். தராசு தொட்டிலில் போட்ட குழந்தைகளைப் பார்க்கிற மாதிரி பம்ப்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கம்பெனிப் பேரிங் என்பதே அவருக்கு முதல் கசப்பு. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்ப ஒண்ணை ஓட்டி ஒண்ணை உக்கார வெக்கணும்."

"ஆமாண்ணே."

"ரெண்டையும் ஓட்டி ரெண்டும் விழுந்தா கஷ்டம்னு."

"ஆமா."

"இதைத்தானே எங்க அப்பா சொன்னாரு." என்னை நேராகப் பார்த்தார். "இத்தனை வருஷமா அந்த மனுஷனை மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருக்கேன். அவர் சொன்னது சரின்னு சொல்றீங்களா மேடம்?"

மூன்று கேள்வி கேட்டே பழகிய என்னிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். சரி என்றால் அவருடைய வாழ்க்கையை ஒரு உதிரிபாகக் கணக்காக்கிவிடுவேன். தவறு என்றால் அவர் நாளைக்கே பம்பை மாற்றுவார், வேலை போகும்.

"பம்புக்குச் சரி," என்றேன். "பம்புக்கு மட்டும்தான் அண்ணே. அதுக்கு முழங்கால் வலிக்காது. ஆனா மேல படுத்திருக்கறவங்களை இன்னொரு தடவை பாதியில கழட்டக் கூடாது. அதுக்காகத்தான் கேக்கறேன்."

மேலே எங்கோ ஒரு ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருள்கிற சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்கி அந்தச் சத்தம் போகிற திசையைப் பார்த்தார்.

"எது ஓடணும்?" என்றார்.

"எதுவா இருந்தாலும் சரி. அதை நீங்களே முடிவு பண்ணுங்க."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவிட்சுப் பலகையிடம் போனார். கை அண்ணனின் சுவிட்சுக்கு மேல் பழக்கத்தில் போய் நின்றது. அப்புறம் நகர்ந்து அடுத்ததை அழுத்தியது. தம்பி ஒரு உறுமலோடு கிளம்பியது. அது சீராகும் வரை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துவந்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பியே ஓடட்டும் மேடம்," என்றார். "அண்ணன் ஓடினது போதும்."